கடைசி சீட்டில் தூங்குகிறவர்

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டியதும்
பஸ் நின்றுவிடும்.
ஆல்பேட்டை சாவடியில் ஏறிப்
பைகளைப் பிசைந்து பார்ப்பார்கள்,
புதுச்சேரி சரக்கு கடலூருக்குள் போகிறதா என்று.

என் மடியில் தெர்மகோல் பெட்டி.
"என்னம்மா, பீரா?"
திறந்து காட்டினேன்.
ஐஸ். அதில் நட்டுவைத்த நான்கு குழாய்கள்.
ஒவ்வொன்றின் அடியிலும்
ரத்தம் உறையாதிருக்க ஒரு சொட்டு மருந்து.
"எலும்புக்குள்ளயிருந்து ரத்தம் எடுத்து வர, சார்."
"எலும்புக்குள்ளயா?"
"அங்கதான் பொறக்குது."
ஏட்டு தன் இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
அதற்குள் ஒரு மீன் வண்டி
சோதனையில்லாமல் போய்விட்டது.

கோரிமேட்டில் என் வேலையும் சாவடிதான்.
இருட்டறை, நீல லேசர்,
ஒற்றை வரிசையில் செல்கள்.
ஓடுகிற ஓட்டத்திலேயே ஒவ்வொன்றையும்
மார்பில் என்ன வில்லை என்று கேட்கும் மெஷின்.
குருத்தணு என்றால் முப்பத்துநான்காம் நம்பர்.
ரத்தப் புற்றின் குருத்துக்கும் அதே நம்பர்.
இதற்குத்தான் எனக்கு டாக்டர் பட்டத்துக்கு மேலும் நான்கு வருஷம்.
"இன்னும் படிக்கிறியாம்மா" என்கிறார் வீட்டுக்காரர்,
ஆறு மாத வாடகை பாக்கியைக் கேட்காமல் கேட்டு.

நல்லது தூங்கும்.
எப்போதாவது விழித்து, இரண்டாகி,
ஒன்றை வேலைக்கு அனுப்பிவிட்டு
எலும்புச் சுவரோரம் மறுபடி சுருண்டுகொள்ளும்.
அந்தத் தூக்கத்தின் தயவில்தான்
நீங்கள் மாடிப்படி ஏறுகிறீர்கள்.
கெட்டதும் தூங்கக் கற்றுக்கொண்டது.
மருந்து, ஓடுகிறவனைப் பிடிக்கும்.
கடைசி சீட்டில் வாய்பிளந்து தூங்குகிறவனை
எந்த ஏட்டு எழுப்பியிருக்கிறார்?

எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு மருந்தை ஊற்றலாமே
என்றார் செமினாரில் ஒருவர்.
எலிகளில் எழுப்பினோம்.
நல்லதும் எழுந்தது. ஓடியது. ஓய்ந்தது.
ஏழாவது வாரம் கூண்டறையிலிருந்து சவரிராயன் வந்து சொன்னார்:
"காதெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடுச்சு மேடம்."
அன்று சோற்றில் கை வைக்கவில்லை என்று எழுத ஆசை.
சாப்பிட்டேன். வஞ்சிரம்.

கே-பதினேழின் பெயர் எனக்குத் தெரியக் கூடாது.
ஆண், இருபத்தொன்பது,
மூன்றாம் சுற்று மருந்து முடிந்தவர்.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் குழாயை வாங்கும்போது
திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்:
"இனிமே போட்டுக்குப் போலாமாக்கா?"
அது கே-பதினேழாக இல்லாமலும் இருக்கலாம்.
குழாய் கையில் வெதுவெதுப்பாக இருந்தது.
ஐஸில் வைக்கக் கொஞ்சம் தாமதித்தேன்.
அது பிழை. குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன்.

ராத்திரி இரண்டு மணி. வெளியே ஜெனரேட்டர்.
ஐம்பதாயிரம் செல்கள் திரையில் ஈசல் மாதிரி.
நல்லதிடம் இல்லாத இன்னொரு வில்லை போட்டவை
வலது மூலையில் ஒதுங்கும்.
மூலையில் பதினொரு புள்ளி.
மறுபடி ஓட்டினேன். ஒன்பது.
மறுபடி. பதிமூன்று.
மெஷினைக் கழுவி வெறும் உப்புநீர் ஓட்டினேன்.
மூலை சுத்தமாக இருந்தது.
அழுக்கென்று சொல்லவும் வழியில்லை.

ரிப்போர்ட்டில் இரண்டே கட்டம்:
உண்டு, இல்லை.
விடியும்வரை பேனா மூடியைக் கடித்தேன்.
பிறகு கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்,
பதினொன்று, ஒன்பது, பதிமூன்று என்று எழுதி
இன்னொரு குழாய் கேட்கக்
கடலூருக்கு முதல் பஸ் ஏறினேன்.

பாலம் தாண்டியது தெரியவில்லை.
கண்டக்டர் சொல்லித்தான் தெரியும்:
"சாவடியில ஏட்டு ஏறினாரு.
பெட்டியப் பாத்தாரு.
நீங்க அசந்து தூங்கவும்
இறங்கிட்டாரு."

ஐஸ் கசிந்து சுடிதார் முழங்காலோடு நனைந்திருந்தது.