வளை நெல்

சோதனை வயலைச் சுற்றி
இருபது மீட்டர் வெற்று நிலம்.
மகரந்தம் அதைத் தாண்டாதாம்.
டேப் பிடித்து அளந்தவன் நான்.

பாமணியாற்றங்கரையில் விடியுமுன்னே
கிட்டிகளைப் பிடுங்கிவந்த சன்னாசி
பதினொரு வால் எண்ணிக் காட்டினார், காசுக்கு.
பிறகு வரப்பில் ஒரு வளையை வெட்டினார்.

முழங்கை ஆழத்தில்
கதிர்கதிராய் அடுக்கியிருந்தது:
எங்கள் நெல்லும்
பக்கத்து வயல் செல்லக்கண்ணுவின் பொன்னியும்.
எது எதுவென்று எலிக்குத் தெரிந்திருக்கலாம்.

"வளை நெல்லு எப்பவும் எனக்குத்தான்."
துண்டை விரித்துவிட்டார்.

ஒரு மணிகூட வெளியே போகக்கூடாது,
எரிக்க வேண்டும் என்றேன்.

"தின்னா என்ன சார் ஆகும்?"

திருவாரூர்க் கூட்டத்தில்
அமிர்தம் என்றவர்களும் நஞ்சு என்றவர்களும்
மைக்கைப் பிடுங்கிக்கொண்டது
இதற்குத்தான்.
தெரியாது என்றேன்.

"எலி நல்லாத்தானே இருந்துச்சு,
கிட்டியில மாட்டுற வரைக்கும்."

வைக்கோல் போட்டுக் கொளுத்தினோம்.
நெல் பொரிந்தது.
நாலைந்து, வெள்ளை வெளேரென்று,
சாம்பலுக்கு அப்பால் தெறித்து விழுந்தன.
குனிந்து ஒன்றைப் பொறுக்கி, ஊதி,
வாயில் போட்டுக்கொண்டார்.

நான் பதிவேட்டில்
'முழுவதும் எரிக்கப்பட்டது' என்று
எழுதிக்கொண்டிருந்தேன்.