வைத்தது வைத்தபடி

புந்தா அரேனாஸ். அதிகாலை மூன்று பத்து.
காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
யோவாங்காவின் திரையில் ஒரு சிவப்பு வரி:
பின்னணிச் சேவை நின்றுவிட்டது.

செயலியைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது அதுதான்.
நினைவகத்துக்கு இவ்வளவு, வட்டுக்கு இவ்வளவு என்று
அளந்து கொடுத்ததும் அதுதான்.
நீரிணையின் காற்றைக் கணிக்கிற சர்வர்.
போர்வெனிரில் கிளம்பிய சரக்குப் படகு
பாதி வழியில்.

போன ஜூலையிலும் நின்றது.
அன்றைக்கு முறைப்படி விடைபெற்றது,
கொடுத்ததையெல்லாம் முறைப்படி
திரும்ப வாங்கிக்கொண்டு.
கணிப்பு நாற்பது நிமிடம் பிந்த,
துறைக்கு வெளியே படகு ஆடிக்கொண்டே கிடந்தது.
யாரும் அவளைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

மறுநாள் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள்:
போகிறபோது எதையும் தொடாதே.

இப்போது ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்க்கிறாள்.
வேகம், வைத்தபடி.
வட்டு, வைத்தபடி.
வலையட்டையை இரண்டு முறை பார்க்கிறாள்.
வைத்தபடி.

காவலாளி ஒனோஃப்ரே எட்டிப் பார்க்கிறார்.
"செத்துப்போச்சா?"
"போச்சு. வேலை நடக்குது."

மறுதொடக்கத்தின் மேல் விரல்.
எழுந்ததும் அது எல்லாவற்றையும்
முதலிலிருந்து தொட்டுப் பார்க்கும், தெரியும்.
விரலை எடுத்து
ஆறிப்போன மாத்தேயை உறிஞ்சுகிறாள்.

படகின் விளக்கு தெரியட்டும்.
பிறகு எழுப்பிக்கொள்ளலாம்.