அரைப் பாட்டு

ரேஸ்கோர்ஸில் சென்னியப்ப மச்சான் வீட்டு மாடியில்
பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை.
செருப்போடு செல்போனையும் வெளியே விடச் சொன்னார்.
சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி பஞ்சு.
'சொல்லியிருந்தா பண்ணையிலிருந்தே
நாலு கட்டு கொண்டாந்திருப்பனுங்களே' என்றேன்.
மச்சான் சிரிக்கவில்லை.

நடுவில் ஒற்றை நாற்காலி.
அதன் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டியிருந்தது.
உட்காரவைத்து,
காது குத்தும் ஆசாரி போல
என் தலையை இரண்டு கையாலும் பிடித்து
நேராக்கினார்.
'இங்கிருந்து அசைஞ்சீங்கன்னா
எல்லாம் போச்சுங்.'

ஒயர் மட்டும் மீட்டர் நாலாயிரமாம்.
ஸ்பீக்கர் ஜோடி விலையைச் சொன்னார்.
எனக்கு எல்லாக் கணக்கும் தீவனத்தில்தான் வரும்.
ரெண்டு லாரி மக்காச்சோளம்.

வந்தது கச்சேரி.
வில் தந்தியைத் தொடும் முன்
வயலின்காரர் மூச்சிழுத்தது கேட்டது.
மிருதங்கக்காரர் மோதிரம் எதிலோ இடித்தது கேட்டது.
மூன்றாம் வரிசையில் யாரோ இருமினார்.
'கேட்டீங்களா? கேட்டீங்களா?'
கேட்டனுங்க மச்சான்.
அந்த இருமல் நாலு நாள் சளி.
என் ஷெட்டில் ஒரு கோழி அப்படிக் கொரகொரத்தால்
பொழுது விடியும்முன் தண்ணீரில் மருந்து கலந்திருப்பேன்.
என்ன பாட்டு என்று கேட்டால்தான்
சொல்லத் தெரியவில்லை.

காலி அட்டைகளோடு நாமக்கல் திரும்பினேன்.
வண்டி ரேடியோவில்
திருகு குமிழ் கழன்று ஆறு மாசம்.
அந்த இடத்தில் ஒரு பேனா மூடி.
விஜயமங்கலம் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கையில்
ஒருத்தி பாட ஆரம்பித்தாள்.
பல்லவி நன்றாகத்தான் வந்தது.
அடுத்ததை
முன்னால் நின்ற காங்கேயம் பஸ்ஸின் ஹாரன் விழுங்கியது.
சில்லறைச் சண்டையில் ஒரு வரி போனது.
விட்ட இடத்தில் நானே ஒரு வரி போட்டுக்கொண்டேன்,
தப்பாகத்தான்.

சாவடி தாண்டி டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டினால்
அங்கேயும் அதே நிலையம்,
அதே பெண்,
அலமாரி மேல் பன் பாக்கெட்டுகளுக்குப் பின்னாலிருந்து
சரணம் பாடிக்கொண்டிருந்தாள்.
எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாள்!
யாரோ சாத்துக்குடி ஜூஸ் கேட்டார்.
முடிவு முழுக்க மிக்ஸிக்குள் போனது.

திருச்செங்கோட்டு மலை குறுக்கே வந்ததும்
நிலையமே இல்லை, வெறும் இரைச்சல்.
அணைக்கத் தோன்றாமல்
அந்த அரைப் பாட்டை முனகிக்கொண்டே வீடு வந்தேன்.
சாந்தாமணி கதவைத் திறந்து,
'என்னங் இது, பாட்டா வயித்து வலியா?' என்றாள்.

எங்கள் ஷெட்டில்
பன்னிரண்டாயிரம் கோழிக்கு ஒரு ரேடியோ.
உத்தரத்தில் கட்டுக்கம்பி போட்டுத் தொங்கவிட்டது.
ஏதாவது ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தால்தான்
டிராக்டர் முறுக்கினாலும் கோயில் வெடி போட்டாலும்
கோழி மிரளாது.
மிரண்டால் ஓடில்லாத முட்டை.
அதன் மேல் புழுதி விரல்தண்டி.
பீகாரிலிருந்து வந்த சுனில்
அதன் அடியில் நின்றுதான் தீவனம் அள்ளுவான்.
அவனுக்குத் தமிழில் முழுதாய்த் தெரிந்தது ஒரே வாக்கியம்.
'நேரம் இப்போது ஆறு மணி பதினைந்து நிமிடம்.'
அறிவிப்பாளர் குரலிலேயே சொல்வான்,
மத்தியானம் பன்னிரண்டுக்கும்.

மூன்று வாரம் கழித்து
மச்சான் போன் செய்தார்.
புது ஒயராம், கேட்டால் வித்தியாசம் தெரியுமாம்.
வர்றனுங்க என்றேன்.
போனை வைத்து ஆறு அட்டை முட்டையை
மார்போடு அணைத்துத் தூக்குகிறேன்,
கம்பியிலிருந்து அவள்!
அதே பாட்டு, கடைசிச் சரணம்.
சுனில் தள்ளுவண்டியை நிறுத்தினான்.
கோழிகள் கொக்கரிப்பதை நிறுத்தவில்லை.
ஒரு வரி கிடைத்தது.
அடுத்தது முடியும்முன்
குரலைத் தேய்த்துத் தேய்த்து இறக்கிவிட்டு
அறிவிப்பாளர் வந்தார்.

நாளைய முட்டை விலை.

ஆறு அட்டையும் கையிலிருக்க
தலை அசையாமல் நின்றேன்,
மச்சான் பிடித்து வைத்தது போலவே.