வெளிச்சத்தம்

எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தேன்.
இருளாயி வைத்துக்கொண்டுதான் வந்தாள்.
கே.கே. நகர் ஆஸ்பத்திரிக் குழாயடியில்
மூன்று பாக்கெட் ஷாம்பு,
அப்படியும் போகவில்லை.
பிறகு நாலு தலைக்கும் வலைத்தொப்பி,
துளைக்குத் துளை ஜெல்.
ஒரே திரையில் நாலு பட்டை அலைகள்.

வேலை இதுதான்:
பந்தல்குடி வாய்க்கால் ஓரம் போடப்போகும்
டெங்கு நாடகத்துக்கு
நாற்பது நிமிடத்தில் ஒரு காட்சி.
சேர்ந்து யோசிக்கையில் மூளைகள்
ஒன்றின் தாளத்தை ஒன்று பிடிக்குமா,
பேராசிரியருக்குத் தெரிய வேண்டும்.

இருபது நிமிடம் ஒன்றுமில்லை.
அந்தோணி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினான்.
"கொசு வில்லனா வரட்டும், மீசையோட"
என்றாள் பத்மலோசினி.
யாரும் மறுக்கவில்லை. அதுதான் மோசம்.
அலைகள் மட்டும் அத்தனை சுத்தம்,
பாடப்புத்தகத்தில் போடலாம்.

காதைச் சொறியப் போன சிக்கந்தர்
"அசையாதீங்க" என்றதும் கையை இறக்கி,
"கொசு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு
மனுவோட வருது."
"எதுக்காம்?"
"தேங்கின தண்ணிக்குப் பட்டா கேட்டு."
சொன்னது யார், ஒலிப்பதிவிலும் தெளிவில்லை;
'தேங்கின' வரை இருளாயி,
மீதி பத்மா போலிருக்கிறது.
"மூணு தலைமுறையா அங்கதான்யா குடியிருக்கோம்",
அந்தோணி, மூக்கால்.

"அதாவது ஒரு மாசமா."

அது நான்.
தொப்பி இல்லாதவள். பேசக் கூடாதவள்.

நாலு தலையும் குலுங்க
திரை முழுக்கக் கோடு கோடாய்க் கிறுக்கல்.
தாடை, கழுத்து, கன்னத்துத் தசை
கத்துகிற கத்தலில்
மூளையின் முணுமுணுப்பு எங்கே கேட்கும்?
எங்கள் கணக்கில் சிரிப்பு குப்பை.
வெட்டி எடுத்துவிட வேண்டும்.

ராத்திரி வெட்ட உட்கார்ந்தேன்.
ஆயிரத்து நானூற்று முப்பத்தோராம் விநாடி.
என் சொல் முடிந்து
ஒரு வாயும் இன்னும் திறக்காத
அரை விநாடி ஒன்று கிடந்தது.
அதில் நாலு பட்டையும் ஒரே பக்கம் சாய்கின்றன,
ஆற்றுக்குள் காற்றடித்த நாணல் மாதிரி.
ஒரே சத்தத்தைக் கேட்ட எட்டுக் காதுகள்,
அவ்வளவுதான் என்பார் பேராசிரியர்.
சரியாகவும் இருக்கலாம்.
ஐந்தாவது பட்டை இல்லை.
அந்த ஒரு மாசம் எனக்குள்
எங்கே புறப்பட்டது: மனுவிலா, பட்டாவிலா,
அவன் சொறியாமல் விட்ட காதிலா?

"வெளிச்சத்தம்: டெக்னீஷியன்"
என்று குறிப்பெழுதி, சிரிப்பை வெட்டினேன்.
அரை விநாடியை விட்டுவைத்தேன்.

இருளாயியின் எண்ணெய்
மூன்றாம் மின்முனையில் இன்னும் பிசுபிசுக்கிறது.
துடைக்கணும்.
காலையில் உசிலம்பட்டியிலிருந்து
வலிப்புக்கு ஒருத்தர் வருகிறார்.