ஸ்டேஷன் கணக்கு

ஸ்டேஷனுக்கு நேர் எதிரே
சாக்கடைக்கு இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை.
கொடுங்கையூர்க் குப்பைமேடு எரியும் நாட்களில்
வெள்ளைத்தாள் விற்பதே சிரமம்.
பதினோரு வருஷமாக இந்தத் தெருவின் அழுகையைப்
பக்கம் இரண்டு ரூபாய்க்கு நகலெடுக்கிறேன்.
முன்னும் பின்னும் என்றால் மூன்று.

வருகிறவர்கள் முதலில் பேனா கேட்பார்கள்.
கயிற்றில் கட்டிவைத்திருக்கிறேன்,
இது நான்காவது பேனா.
மற்ற மூன்றும் அறுத்துக்கொண்டு போனவை,
போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரில்.

'ஐயா' என்று தொடங்குவார்கள்.
அதற்குமேல் கை ஓடாது.
மெஹருன்னிசாவுக்குச் சங்கிலி போன நேரம் தெரியும்,
பைக்கின் நிறம் தெரியும்,
பின்னால் உட்கார்ந்தவன் எந்தத் தெரு என்றும் தெரியும்.
'மர்ம நபர்கள்' என்று எழுதிவரச் சொன்னார்களாம்.
பெயர் தெரிந்தவனை மர்ம நபராக்கி
நான்தான் எழுதிக்கொடுத்தேன்.
என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு.
எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன்.
ஒரு பெரியவர் ரசீதை லேமினேட் பண்ணச் சொன்னார்,
கேஸ் நடக்கும்வரை கசங்காமல் இருக்கட்டுமாம்.
காசு வேண்டாம் என்று சொல்ல நினைத்து
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.

அவர்களை மட்டும் திட்டவும் வாய் வரவில்லை.
பலகையில் அறுபத்திரண்டு பேர்.
ஒருநாளும் இருபதுக்கு மேல் நான் எண்ணியதில்லை.
சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் ஏழு பேர் அங்கே.
மந்திரி வந்தால் பத்து பேர் வெயிலில்,
ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
ஜீப்பை நாங்கள் தள்ளியிருக்கிறோம்,
நானும் டீக்கடை சவுரியும்
புகார் கொடுக்க வந்த ஓர் ஆளும்.
ஜீப் கிளம்பிவிட்டது.
"நாளைக்கு வாங்க" என்று
வேர்வையோடு அவர் வீட்டுக்குப் போனார்.

ஏட்டு தணிகாசலம் சாயங்காலம் வருவார்.
"கணக்குல எழுதிக்கப்பா."
நீல அட்டை நோட்டில் எழுதுகிறேன்:
ஏ ஃபோர் ஒரு கட்டு, கார்பன் இருபது,
டோனர் ஒருமுறை.
ஷூவைக் கழற்றினால்
கணுக்காலில் சாக்ஸ் பதிந்த பள்ளம்.
"முப்பத்தாறு மணி நேரம் ஆச்சு" என்பார்.
தூங்கியா, சாப்பிட்டா, சொல்லமாட்டார்.

ஆடியில் ஒருநாள் அவன் வந்தான்,
மெஹருன்னிசாவின் மர்ம நபர்.
"அண்ணா, பெயில் ஆர்டர், மூணு செட்டு.
சீலு தெளிவா வரணும்."
வேறு ஏதோ கேஸ்.
என் மெஷினில் சீல் எப்போதும் கருப்பாய் அப்பிக்கொள்ளும்.
அவனுக்கு அழகாக விழுந்தது.
சில்லறை சரியாகக் கொடுத்து
"தேங்க்ஸ்ணா" என்றான்.
அதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது.
இந்தக் கடையில் யாரும் அதைச் சொல்கிற நிலையில் வருவதில்லை.

நேற்று ராத்திரி என் ஷட்டரை நெம்பியிருக்கிறார்கள்.
கல்லா, லேப்டாப், லேமினேஷன் மெஷின்.
கம்பத்தில் கேமரா இருக்கிறது.
ஒயரை எலி கடித்து இரண்டு வருஷம்,
ரிப்பேர் எஸ்டிமேட்டை நான்தான் நகலெடுத்தேன்,
ஐந்து தடவை.
நீல நோட்டை மட்டும்
தொடாமல் விட்டுப் போயிருக்கிறார்கள்.

ரோட்டைக் கடந்து
பறிமுதல் வண்டிகளுக்கு நடுவே போனேன்.
ஒரு ஆக்டிவாவின் சீட்டைக் கிழித்துக்கொண்டு
ஆமணக்கு வளர்ந்திருக்கிறது, காய் வேறு.
தணிகாசலம் எழுந்து நின்றார்.
நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.
"நம்ம ஏரியாலயே கை வெச்சிட்டானுங்களே" என்றார்,
நிஜமாகவே வருத்தத்தோடு.
மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார்,
இன்னொன்றைத் திறந்தார்.
என் முகத்தைப் பார்க்காமல்,
"பேப்பர்..."

திரும்பி வந்து கட்டைப் பிரித்தேன்.
நோட்டில் தேதி போட்டு எழுதினேன்:
ஸ்டேஷன். தாள் இரண்டு.
பேனாவும் இருக்காது அங்கே.
கயிற்றோடு அவிழ்த்துக்கொண்டேன்.