காரணம்: பனிமான்

நாற்பத்து மூன்று லாரிகள்
என் திரையில் அரிசி அளவில் ஊர்கின்றன.
கெமி ஆற்றுக்கு வடக்கே மைனஸ் முப்பத்தெட்டு.
எந்த டயர் இளைக்கிறது,
எந்தத் தொட்டியில் டீசல் கூழாகிறது,
எல்லாம் சொல்லும்.

ஒன்பதாம் லாரியின் இடது பேரிங்
வியாழன் மதியம் போய்விடும் என்றது.
புதன்கிழமையே கழற்றினோம்.
கைக்கு வழவழவென்றுதான் இருந்தது.
போயிருக்குமா?
மாற்றிய பிறகு யாரிடம் கேட்பது.

பதினேழாம் லாரி, என்சியோ மத்துஸ்.
பாலத்தின் நடுவில் நிறுத்துவான்.
பதினொரு நிமிடம். தினமும்.
முதல் வாரம் சிவப்பு.
அடுத்த வாரம் மஞ்சள்.
அப்புறம் பச்சை:
அவன் நிற்பதையும் சேர்த்தே
வரும் நேரத்தைக் கணித்திருந்தது.
எஞ்சின் சூடு தெரியும்,
இருக்கையில் எடை இல்லை என்பது தெரியும்.
இறங்கி என்ன செய்கிறான் என்பதற்கு
சென்சார் வைக்கவில்லை.

லெப்டினன்ட் ஹூவினென் கூப்பிட்டுக் கேட்டார்.
"தண்ணி ஓடுதான்னு பார்ப்பேன்."
உறைந்து கிடக்கும் அகலத்தில்
ஒரு தட்டு அளவு இடம் மட்டும் உறையாதாம்.
இனி நிற்காதே என்றார்.
நிற்கவில்லை.
முன்கூட்டியே வந்துவிட்டான்,
சரக்கு இறக்க ஆள் வரவில்லை.
கிடங்கு வாசலில், எஞ்சினை அணைக்காமல்,
பதினொரு நிமிடம்.

செவ்வாய் இரவு
யாரும் கேட்காததைத் திரையே கேட்டது:
ஓ நெகட்டிவ் இரத்தம், இருநூறு பை,
வெள்ளி விடிவதற்குள், வடக்கு முகாமுக்கு.
வெள்ளிக்கிழமை அங்கே என்ன?
பயிற்சி என்றார் ஒருவர்.
தொலைபேசியில் இன்னொருவர் இருமினார்.
ஒப்புதலுக்கு மட்டும்
ஒரு மனிதக் கட்டைவிரல் வேண்டுமாம்.
வைத்தேன்.

பதினேழில் ஏற்றினார்கள்.
பாலத்தின் மேல் அரிசி நின்றது.
கட்டம் ஒன்று திறந்தது: காரணம்?
பஞ்சர். பனிச்சரிவு. விலங்கு. மற்றவை.
மற்றவை என்றால் லெப்டினன்டுக்குப் போகும்.
விலங்கு என்றேன்.
எது?
பனிமான்.
எத்தனை?
ஜன்னலில் என் முகம்தான் தெரிந்தது.
ஆறு என்றேன்.
அது எண்ணாக எடுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வந்து போயிற்று.
எத்தனை பை திரும்பியது என்பது
என் திரையில் வராது.

இப்போது நாற்பத்து மூன்றும்
அந்தப் பாலத்தில் வேகம் குறைக்கின்றன.
ஆறு பனிமான்கள் கடக்கும்,
தொண்ணூற்று நான்கு சதவீதம் உறுதி என்கிறது.
மே மாதம்
குட்டிகளோடு ஒன்பது.