பழைய நேரம்

பரமேஸ்வராச் சந்தியில் மின்சாரம் போய்
நாற்பது நிமிடம்.
பௌதிகவியல் துறையின் மேல்மாடியில்
மடிக்கணினியில் மீதி பதினொரு வீதம்.
அதற்குள் தெரிந்துவிட வேண்டும்.

வானத்தில் இரண்டு பிணங்கள்.
ஒன்று, செக்கனுக்கு நூற்றெழுபது தரம் சுழலும் பல்சர்.
மற்றது ஆறிக்கொண்டிருக்கும் வெள்ளைக் குள்ளன்.
எட்டரை மணித்தியாலத்துக்கு ஒரு சுற்று.
சுற்றச் சுற்ற நெருங்குகின்றன.
ஒரு வருடம் காவலிருந்தால்
சுற்று சுருங்கியது
ஒரு மைக்ரோ செக்கனிலும் குறைவு.

நான்கு வருடமாய் நான் வளர்த்த சமன்பாடு சொல்கிறது:
ஈர்ப்புக்குள் இன்னொரு புலம் ஒளிந்திருக்கிறது.
சூரியனருகே தேடினால் அகப்படாது.
இறுகியது ஒன்று, தளர்ந்தது ஒன்று என்று
இப்படிப் பொருந்தாத சோடி வாய்த்தால்
சக்தி பின்வாசலாலும் ஒழுகும்,
சுற்று இன்னும் கெதியாய்ச் சுருங்கும்.

சுருங்கவில்லை.

மறுபடி பார்த்தேன்.
துடிப்புகள் வந்த நேரங்களைப்
பூமியிலிருந்து கழற்றி
சூரியத் தொகுதியின் திணிவு மையத்துக்கு மாற்றினேன்.
நேரம் மாற்றுவது எனக்குப் புதிதல்ல.
பத்து வயதில், முகமாலையில்
பஸ்ஸால் இறங்கி வரிசையில் நிற்கையில்
அப்பா மணிக்கூட்டை அரை மணி பின்னுக்குத் திருப்பினார்.
வன்னிப் பக்கம் பழைய நேரம்,
எங்கள் பக்கம் புதிய நேரம்.
நடுவில், சூனியப் பிரதேசத்தில்
இப்ப எத்தனை மணி என்று கேட்டேன்.
"றோட்டை விட்டு இறங்காமல் நட"
என்றார்.

திணிவுத் தளத்தில் மூன்று கோடுகள்.
பழைய கோட்பாட்டைப் போட்டால்
மூன்றும் ஒரு புள்ளியில் வந்து சேர்கின்றன,
நூறு வருடம் பழகிய சொந்தக்காரர் மாதிரி.
என்னுடையதைப் போட்டால்
ஒரு கோடு மட்டும்
செத்தவீட்டுக்கு விலாசம் மாறி வந்த ஆள்போல
தள்ளி நிற்கிறது.
இணைப்பு மாறிலியைக் குறைத்தேன். கிட்ட வந்தது.
இன்னும் குறைத்தேன்.
பூச்சியத்தை நெருங்க நெருங்க
எல்லாம் சரிவந்தது,
என்னுடையது என்று சொல்ல எதுவும் மிஞ்சாமல்.

கீழே ஜெனரேற்றரோடு மல்லுக்கட்டிய யேசுரட்ணம்
கையில் எண்ணெயோடு படியேறி வந்தார்.
"என்ன மிஸ், சரிவந்ததோ?"
"பிழைச்சுப் போச்சு, அண்ணை."
"இதுவும் ஸ்ராட் ஆகுதில்லை" என்று
ஆறுதல் சொன்னார்.

ஆய்வறிக்கையின் கடைசிப் பக்கத்தில்
ஒற்றைச் சொல் அடித்தேன்:
பிழைத்தது.
எது என்பதை அடுத்த வரியில் எழுத வேண்டும்,
தமிழில் இந்தச் சொல்
இரண்டு பேருக்கும் பொது.
மூன்று வீதம்.
திரை மங்குகிறது.
அங்கே அவை இரண்டும்
யாருடைய நேரத்திலும் இல்லாமல்
இன்னும் ஒரு மயிரிழை கிட்ட.